சென்னையின் எஃப்.சி.: ஒரு ரசிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை நகரத்துக் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. ஆடும் நேரு ஸ்டேடியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், கிரிக்கெட்டைத் தாண்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள், மஞ்சள் சட்டை போட்ட கேரள நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் நடுநிலை ஆள் இல்லை, நீலச் சட்டைக்காரன். ஆனால் ஸ்கோரை யாரும் மாற்ற முடியாது; அதனால் தோற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த கிளப் எப்போது தொடங்கியது? யாருடையது?

2014-இல், இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய அதே வருஷம். எட்டு அணிகளோடு லீக் ஆரம்பித்தது, அதில் சென்னை ஒன்று. அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, வீடா தானி மூவரும் உரிமையாளர்கள். தோனி பெயரைக் கேட்டு வந்தவர்கள் அந்த முதல் வருஷம் நிறையப் பேர். அதில் தப்பே இல்லை. வந்தவர்களில் பலர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சின்னத்தில் இருக்கும் முகத்தைப் பற்றியும் கேட்பார்கள். கண் திருஷ்டி கழிக்கிற முகம் அது. கட்டி முடியாத வீட்டு வாசலில் தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அதற்கு முன் சென்னையில் கால்பந்தே இல்லையா?

இருந்தது, நன்றாகவே இருந்தது. இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீக்கில் ஆடியிருக்கிறது. அந்த அணியில் ஆடி இந்தியாவுக்கும் ஆடிய சையது சபீர் பாஷா, பிறகு சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளர் ஆனார். 2022-இல் தலைமைப் பயிற்சியாளர் பாதியில் நீக்கப்பட்டபோது கடைசிச் சில ஆட்டங்களுக்கு அணியைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். வியாசர்பாடிப் பக்கம் போனால் எந்தத் தெருவிலும் பந்து உருண்டுகொண்டிருக்கும். 1993-இல் நேரு கோப்பை நடந்ததும் இப்போது நாம் உட்காரும் இதே ஸ்டேடியத்தில்தான். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெயரும் ஒரு சட்டையும்தான் 2014 வரை இல்லாமல் இருந்தது.

முதல் வருஷ அணி உண்மையிலேயே அவ்வளவு பெரிய அணியா?

பெயர்களைப் பாருங்கள். பயிற்சியாளரும் வீரருமாக மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டினாரே, அவரேதான். பிரேசிலின் எலானோ, பிரான்ஸின் மிக்கேல் சில்வெஸ்டர், பெர்னார்ட் மெண்டி. சீசன் முடியும் சமயத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. உலகக் கோப்பை வென்ற இரண்டு இத்தாலியர்களை நம் ஸ்டேடியம் இருக்கும் பெரியமேட்டில் பார்ப்போம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வயது ஏறியவர்கள்தான், ஆனால் எலானோவின் கால் அப்படியே இருந்தது. ஃப்ரீ கிக் என்று நடுவர் ஊதினாலே ஸ்டாண்ட் எழுந்துவிடும். எட்டு கோல்களோடு அந்த சீசனின் தங்கக் காலணி, அதாவது அதிக கோல் அடித்தவருக்கான விருது, அவருக்கு. சென்னையில் முதல் ஆட்டம் 2014 அக்டோபர் 21, கேரளா பிளாஸ்டர்ஸோடு. எலானோவின் பெனால்டி ஒன்று, கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா அந்தரத்தில் அடித்த ஒன்று, 2-1 ஜெயம். அடுத்த வாரமே மும்பைக்கு எதிராக 5-1. லீக் முடிந்தபோது பட்டியலில் முதலிடம்.

அப்புறம் ஏன் கோப்பை வரவில்லை? அந்த கேரளா அரையிறுதியில் என்னதான் நடந்தது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அரையிறுதி இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டம் கொச்சியில், 3-0 தோல்வி. இரண்டு கோலோடு முடிந்திருந்தால்கூடச் சரிக்கட்டிவிடலாம் என்று இருந்த நேரத்தில், கடைசியில் சுஷாந்த் மேத்யூ தூரத்திலிருந்து வளைத்து ஒன்று அடித்தார். அருமையான கோல். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இரண்டாவது ஆட்டம் டிசம்பர் 16, சென்னையில். மூன்று கோல் போட வேண்டும், ஒன்றும் வாங்கக் கூடாது. அந்த இரவு ஸ்டேடியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு நம்பிக்கை இல்லை. வந்தது மட்டும் வந்துவிட்டார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சில்வெஸ்டர் ஒன்று போட்டார். இரண்டாவது, 76-ஆவது நிமிடம், கேரளாவின் சந்தேஷ் ஜிங்கன் மேல் பட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. 90-ஆவது நிமிடம் நம் முன்கள வீரர் ஜெஜே. 3-0. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3. பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் கட்டிப்பிடித்த கூட்டத்தை அன்றுதான் முதல் முதலாக அந்த இடத்தில் பார்த்தேன்.

கூடுதல் நேரத்தில் கால்கள் தளர்ந்துவிட்டன. பெனால்டி ஷூட்அவுட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில், 117-ஆவது நிமிடம், கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்துவிட்டார். 4-3. முடிந்தது.

என் கணக்கில் சென்னையின் எஃப்.சி. ஒரு கிளப்பாக ஆனது அன்றைக்குத்தான். அதுவரை நட்சத்திரங்களைப் பார்க்க வந்த கூட்டம். தோற்ற பிறகும் எழுந்து போகாமல் நின்று பாடியது ஆதரவாளர் கூட்டம்.

2015-இல் வெள்ளத்துக்கும் இந்த அணிக்கும் என்ன சம்பந்தம்?

2015 சீசன் மோசமாகத்தான் போனது. பத்து ஆட்டம் முடிந்தபோது அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து வரிசையாக நான்கு ஜெயம், மூன்றாம் இடம், அரையிறுதி. சீசனின் பதின்மூன்று கோல்களோடு மெண்டோசா ஓடிய ஓட்டம் அது. பந்து அவர் காலுக்கு வந்தால் தடுப்பாட்டக்காரர்கள் பின்னால் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். நெருங்கிப் போனால் தாண்டிவிடுவார் என்று தெரியும்.

அரையிறுதி நெருங்கும்போது டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழை. அடையாறு கரை உடைத்து ஊருக்குள் வந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் எல்லாம் தண்ணீரில். விமான நிலையமே மூடிக்கிடந்தது. அந்த நிலையில் யாரும் கால்பந்து நடத்தச் சொல்லவில்லை. அரையிறுதியின் சென்னை ஆட்டம் புனேக்குப் போய்விட்டது. டிசம்பர் 12, பாலேவாடி மைதானம், அத்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிராக 3-0: புருனோ பெலிஸ்ஸாரி, ஜெஜே, மெண்டோசா. கொல்கத்தாவில் 2-1 தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று இறுதிக்குப் போனோம்.

வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள், கரண்ட் எப்போது வரும் என்று தெரியாதவர்கள், இதற்கிடையில் ஸ்கோர் என்ன என்று போன் போட்டுக் கேட்டார்கள். அந்த மாதம் ஊருக்கு நடந்த நல்ல விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

கோவா இறுதிப்போட்டி பற்றி எல்லாரும் பேசுகிறார்களே?

2015 டிசம்பர் 20, கோவாவின் மட்காவில் இருக்கும் ஃபடோர்டா ஸ்டேடியம். எதிரணி எஃப்.சி. கோவா, அவர்கள் சொந்த மைதானம், ஜிகோ அவர்கள் பயிற்சியாளர். 54-ஆவது நிமிடம் பெலிஸ்ஸாரி ஒன்று. நான்கு நிமிடத்தில் கோவாவின் ஹாவோகிப் சமன் செய்தார். 87-இல் ஜோஃப்ரே அடித்து 2-1 கோவா. ஸ்டேடியம் கொண்டாடத் தொடங்கிவிட்டது.

90-ஆவது நிமிடம் கோவா கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி பெயரில் ஒரு சுயகோல். 2-2. சரி, கூடுதல் நேரம் போகும் என்று மூச்சு விடுவதற்குள் 92-இல் மெண்டோசா. 3-2. தோல்விக்கும் கோப்பைக்கும் நடுவில் இரண்டே நிமிடம். முந்தைய வருஷம் பியர்சன் கொடுத்ததை மறக்க இது போதுமா என்றால், எனக்குப் போதும்.

2016?

மெண்டோசா இல்லை, எலானோ இல்லை. நார்வேயின் ஜான் ஆர்னே ரீஸே வந்தார். எட்டு அணிகளில் ஏழாவது. மாட்டராஸியும் விடைபெற்றார். அந்த வருஷத்தில் கிடைத்த நல்லது, அனிருத் தாபா, ஜெர்ரி லால்ரின்சுவாலா என்ற இரண்டு பையன்கள். டேராடூனிலிருந்து வந்த தாபா பிறகு கேப்டன் ஆகி 2023 வரை இருந்தார். அவர் மோகன் பகானுக்குப் போனபோது வருத்தப்படாத நீலச் சட்டை இருக்காது.

இரண்டாவது கோப்பை எப்படி வந்தது?

2017-18-இல் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி பயிற்சியாளராக வந்தார். முதல் ஆட்டமே சொந்த மண்ணில் கோவாவிடம் 3-2 தோல்வி. ஆனால் இது வேறு மாதிரி அணி. நட்சத்திரம் என்று ஒருவரைக் காட்ட முடியாது. பின்னால் ஹென்ரிக் செரேனோ, மைல்சன் ஆல்வெஸ், இனிகோ கால்டெரோன், நடுவில் ரஃபேல் அகஸ்டோ, தாபா, தனபால் கணேஷ், முன்னால் ஜெஜே. ஒரு கோல் போட்டால் அதைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள். லீக்கில் 32 புள்ளிகளோடு இரண்டாம் இடம்.

அரையிறுதி மறுபடி கோவாவோடு. அங்கே 1-1. மார்ச் 13-ஆம் தேதி சென்னையில் 3-0: ஜெஜே இரண்டு, நடுவில் தனபால் கணேஷ் ஒன்று. வியாசர்பாடிப் பையன், சொந்த ஊர் ஸ்டேடியத்தில், அரையிறுதியில் தலையால் முட்டிப் போட்ட கோல். அவர் ஓடிய திசையில் இருந்த ஸ்டாண்டில் அவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு எந்த கோலுக்கும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

இறுதி, மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா. பெங்களூரு எஃப்.சி. லீக்கில் 40 புள்ளி எடுத்த அணி, சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல். நம் பதில் எளிமையானது: கார்னர். 17-இல் நம் வீரர் கிரெகரி நெல்சன் தூக்கிப் போட்டார், மைல்சன் தலை. 45-இல் மறுபடி நெல்சன், மறுபடி மைல்சன் தலை. ஒரே மாதிரி இரண்டு முறை. 67-இல் அகஸ்டோ மூன்றாவது. கடைசி நிமிடங்களில் பெங்களூருவின் மிக்கு ஒன்று போட்டும் பயனில்லை. 3-2. மைல்சன் என்ற பெயரை இன்றும் பெங்களூரு நண்பர்களிடம் சொன்னால் முகம் மாறும்.

அப்படியானால் ஒரு கோப்பையைக்கூட சென்னையில் தூக்கவில்லையா?

இல்லை. ஒன்று மட்காவில், ஒன்று பெங்களூரில். இறுதிப்போட்டி வரை போய்த் தோற்ற 2020-உம் மட்காவில்தான். நம் வரலாற்றைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான்: கோப்பைகள் வெளியூரில் வந்தன, சென்னைக்குச் சொந்தமானவை அரையிறுதி இரவுகள். 2014 கேரளா, 2018 கோவா, 2020 கோவா. டிவியில் கோப்பையைத் தூக்கிய காட்சியை இந்தியா முழுக்கப் பார்த்தது. இந்த மூன்று இரவுகளை முழுசாகப் பார்த்தவர்கள் பெரியமேட்டில் இருந்தவர்கள்தான். 2015-இல் கிடைத்திருக்க வேண்டிய நான்காவதை வெள்ளம் கொண்டுபோனது.

கோப்பை வென்ற மறுவருஷம் எப்போதும் சரிவது ஏன்?

2016-இல் ஏழாவது. 2018-19-இல் பத்து அணிகளில் கடைசி: 18 ஆட்டம், இரண்டு ஜெயம், 9 புள்ளி. சாம்பியன் அணி இப்படி விழுந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதே சீசனில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக் பட்டத்தை வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அது பெரிய நாள்.

காரணம் அதிர்ஷ்டம் இல்லை என்பது என் கருத்து. வெளிநாட்டு வீரர்கள் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஜெயித்தால் விலை ஏறுகிறது, போகிறார்கள். அல்லது ஜெயித்தார்களே என்று ஒரு வயது கூடிய அதே ஆட்களை வைத்துக்கொள்கிறோம். 2016-இல் முதல் வகை, 2018-இல் இரண்டாம் வகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், கீழே இருந்து வருகிற இளைஞர்கள். அது போதுமான அளவு நடக்கவில்லை.

2019-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையிலும் ஆடினோம். முதல் தடை இலங்கையின் கொழும்பு எஃப்.சி.; அதைத் தாண்டினோம். ஆனால் நம் சொந்த மைதான ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. சென்னை அணி ஆசியப் போட்டியில் ஆடியதைச் சென்னை நேரில் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அதே வருஷம் சூப்பர் கோப்பை இறுதியிலும் கோவாவிடம் 2-1 தோல்வி.

2019-20 பற்றி ஏன் இவ்வளவு பாசமாகப் பேசுகிறீர்கள்? கோப்பை வரவில்லையே?

மறுபடியும் அடியிலிருந்து எழுந்த அணி அது. கிரெகரி நவம்பர் முடிவில் விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். காயில் வந்ததும் அதே ஆட்கள் வேறு ஆட்கள் மாதிரி ஆடினார்கள். பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தைக் கொடுப்பார், லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் முடிப்பார், பக்கத்தில் சாங்தே பறப்பார். வால்ஸ்கிஸ் 15 கோல், தங்கக் காலணி. பிப்ரவரி 1-ஆம் தேதி கொச்சிக்கே போய் 6-3: மூவரும் ஆளுக்கு இரண்டு. 2014-ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

நான்காம் இடம், அரையிறுதி, மறுபடி கோவா. பிப்ரவரி 29-இல் சென்னையில் 4-1. கோவாவில் 4-2 தோற்றும் 6-5 என்று தப்பித்தோம். மார்ச் 14 இறுதிப்போட்டியில் ஆள் இல்லாத ஸ்டேடியம். கொரோனா வந்துவிட்டது. கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. பந்து கம்பத்தில் படும் சத்தமும் பயிற்சியாளர் கத்துவதும் தனித்தனியாகக் கேட்ட இறுதிப்போட்டி. டிக்கெட் எடுத்து, ரயில் எடுத்து, எல்லாம் ரத்து செய்தவர்கள் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு?

இரண்டு சீசன் முழுக்க கோவாவில், ரசிகர்கள் இல்லாமல். 2022 அக்டோபரில்தான் நேரு ஸ்டேடியத்துக்குத் திரும்பினோம். 2020-21, 2021-22, 2022-23 மூன்றிலும் எட்டாம் இடம். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 2023-இல் காயில் திரும்பினார், ஆறாம் இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1. அடுத்த வருஷம் பதினோராவது. 2025-இல் லீக்கே எப்போது தொடங்கும் என்று தெரியாமல் தள்ளிப்போனபோது, தோற்கும் ஆட்டமாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது.

இதுவரை ஆடியவர்களில் சிறந்தவர் யார்?

மெண்டோசா என்பார்கள், எலானோ என்பார்கள். என் ஓட்டு ஜெஜே லால்பெக்லுவாவுக்கு. மிசோரம்காரர். முதல் சீசனிலேயே வந்தார், இரண்டு கோப்பையிலும் இருந்தார், ஐ.எஸ்.எல்.லில் நமக்காக 23 கோல். மேலே சொன்ன அரையிறுதிகளைத் திரும்பப் பாருங்கள்: 2014, 2015, 2018 மூன்றிலும் அவர் பெயர் இருக்கும். முழங்கால் காயம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.

தமிழ்நாட்டுப் பையன்கள் ஏன் அதிகம் இல்லை?

நியாயமான கேள்வி, கோபத்தோடு கேட்டாலும் நியாயம்தான். தனபால் கணேஷ் இருந்தார், எட்வின் சிட்னி வான்ஸ்பால் சில சீசன் நன்றாக ஆடினார். இன்னும் சிலர் வந்தார்கள். பத்து வருஷத்துக்கு இது குறைவு. திறமை இல்லை என்று சொல்பவர்கள் சென்னை சிட்டி அணியைப் பார்க்கட்டும்; சூசைராஜ், நந்தகுமார் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் வேறு ஊர் அணிகளில் ஆடுவதைப் பார்க்கட்டும். நந்தகுமார் சென்னைப் பையன், ஈஸ்ட் பெங்கால் சட்டையில் கோல் அடிக்கும்போது கைதட்டத் தோன்றும், கூடவே ஒரு ஏக்கமும் வரும்.

பெரிய எதிரி யார், கேரளாவா பெங்களூருவா?

கேரளா. பெங்களூருவோடு 2018 இறுதி இருக்கிறது, அதனால் சூடு உண்டு. ஆனால் கேரளா ஆட்டம் என்றால் சென்ட்ரலில் இறங்கும் மஞ்சள் கூட்டமே தனி. சில வருஷங்களில் நம் ஸ்டேடியத்தில் நம்மை விட அவர்கள் சத்தம் அதிகமாக இருந்தது; அது மாற வேண்டும். 2023 நவம்பரில் கொச்சியில் 3-3. இந்த இரண்டு அணிகள் ஆடும்போது முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது.

முதல் முறை வருகிறேன். எங்கே உட்கார வேண்டும்?

சென்ட்ரலில் இறங்கி நடந்தே வரலாம், ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம். இந்த இடம் முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-இல் மன்கட்டும் பங்கஜ் ராயும் டெஸ்ட்டில் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். வீட்டில் கிரிக்கெட் பிரியர் யாராவது இருந்தால் அதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

களத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ் வரிசையில் பந்து தூரமாகத் தெரியும். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள மேலே ஏறுங்கள். சத்தம் வேண்டுமென்றால் பி ஸ்டாண்ட். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் இரண்டு ஆதரவாளர் குழுக்களும் புதியவர்களை விரட்டுவதில்லை. பாட்டு தெரியாவிட்டாலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மேளம் பக்கத்தில் நின்றால் உட்காரக் கிடைக்காது, அதை மனசில் வைத்துக்கொண்டு வாருங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் இரண்டு வரிசை தள்ளி இடம் பிடித்தால் அவர்களுக்கும் களம் தெரியும்.